யாருடைய ஆயுளுக்கு வாரண்டி?

பென்சில்வேனியாவின் பாட்டர் கவுண்டியில் நவம்பர் கடைசி வாரத்துக் குளிர் எலும்பு வரை இறங்கும். தேங்க்ஸ்கிவிங் கழிந்த சனிக்கிழமை அங்கே ரைஃபிள் மான் சீசன் தொடங்கும். 2019 முதல்தான் சனிக்கிழமை. அதற்கு முன் நெடுங்காலமாகத் திங்கள். அப்படி ஒரு தொடக்க நாளில், விடிந்தும் விடியாத நேரத்தில், ஹெம்லாக் மரத்தடியில் உட்கார்ந்திருந்தேன். எண்பது கஜத்தில் கொம்புள்ள வெள்ளைவால் மான் ஒன்று பக்கவாட்டாக வந்து நின்றது. ரைஃபிளைத் தோளில் ஏற்றி ஸ்கோப்பில் கண்ணை வைத்தேன். பால் ஊற்றிய டம்ளர் மாதிரி ஒரே வெள்ளை. கையுறையைக் கழற்றிக் கண்ணாடியைத் துடைத்தேன். வெள்ளை அப்படியே இருந்தது. மூச்சுக்காற்று பட்டு வெளியே படிந்த ஈரமென்றால் துடைத்ததும் போயிருக்கும். இது உள்ளே பிடித்த ஈரம். அரை நிமிடம் நின்ற மான், காதை ஒருமுறை திருப்பிவிட்டு ஓடை பக்கம் இறங்கிப் போய்விட்டது. நான் சுடவில்லை. சரியாகத் தெரியாத உயிரை நோக்கி விசையை இழுப்பது வேட்டையே அல்ல.

அந்த ஸ்கோப்புக்கு ஆயுள் வாரண்டி இருந்தது. திங்கட்கிழமை கம்பெனிக்கு போன் செய்தேன். அனுப்பச் சொன்னார்கள். பழுது நீக்கி, ஒரு காசு வாங்காமல் திருப்பி அனுப்பினார்கள். மரியாதையாகவும் பேசினார்கள். ஆனால் பார்சல் வீட்டு வாசலுக்கு வந்தபோது சீசன் முடிந்திருந்தது.

ஸ்கோப் வாரண்டியைப் பற்றி முதலில் மனதில் வைக்க வேண்டியது இதுதான்: அது கண்ணாடியைத் திருப்பித் தரும், காலையைத் திருப்பித் தராது. இதைப் புரிந்துகொண்டுதான் வாங்கும்போது எதைக் கேட்பது, பழுதானால் எப்போது அனுப்புவது, போனில் என்ன பேசுவது என்பதையெல்லாம் முடிவு செய்ய வேண்டும். அமெரிக்காவில் பிறந்து வளர்ந்த வேட்டைக்காரருக்கு இதையெல்லாம் அப்பாவோ தாத்தாவோ சொல்லிக் கொடுத்திருப்பார்கள். இந்தியாவில் 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் இன்று பொழுதுபோக்கு வேட்டைக்கு இடமில்லை. அங்கிருந்து இங்கே வந்து உரிமம் எடுத்து வேட்டையாடும் நமக்குக் கேட்டுக்கொள்ள வீட்டில் ஆள் கிடையாது. அட்டைப் பெட்டியில் அச்சிட்டிருப்பதை நம்பி வாங்குகிறோம். அதனால் இந்த அத்தியாயத்தைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

உள்ளே பனி பிடிப்பது புதிய சங்கதி அல்ல. ஓரிகன் மாநிலத்தின் லூப்போல்ட் கம்பெனி 1907இல் போர்ட்லண்டில் நில அளவைக் கருவிகளைப் பழுதுபார்க்கும் கடையாகத் தொடங்கியது. 1940களில் அந்தக் குடும்பத்தின் மார்கஸ் லூப்போல்ட் வேட்டைக்குப் போனபோது ஸ்கோப்பில் பனி பிடித்து மானைத் தவறவிட்டார் என்றும், இதைவிட நல்ல ஸ்கோப்பைத் தானே செய்வதென்று அன்றே முடிவெடுத்தார் என்றும் அந்தக் கம்பெனி சொல்லிவருகிறது. 1947இல் அவர்களுடைய முதல் ஸ்கோப் வந்தது. குழாயின் உள்ளே இருக்கும் ஈரக்காற்றை வெளியேற்றிவிட்டு உலர்ந்த நைட்ரஜனை அடைத்து மூடும் முறையை அமெரிக்க வேட்டைக்காரர்களிடம் பரப்பியவர்கள் அவர்கள்தான். இன்று விலை குறைந்த ஸ்கோப்பில்கூட நைட்ரஜன் அல்லது ஆர்கான் இருக்கிறது. அதை உள்ளே நிறுத்தி வைப்பவை ரப்பர் வளையங்கள். வளையம் ஓரிடத்தில் விட்டுக்கொடுத்தால் வாயு கசியும், ஈரக்காற்று புகும், குளிரில் கண்ணாடியின் உட்பக்கம் வெளுக்கும். அப்படி ஆனால் நாமாகத் திருகிப் பிரிக்கக் கூடாது. அடுப்புப் பக்கத்தில் வைத்துக் காயவைக்கவும் கூடாது. பிரித்த தடம் தெரிந்தால் வாரண்டி அங்கேயே முடிந்துவிடும்.

ஆயுள் என்றால் எவருடைய ஆயுள்

பெட்டியின் மேல் "லைஃப்டைம்" என்று போட்டிருப்பதைக் கண்டதும் மனம் நிறைந்துவிடுகிறது. வாங்கியவரின் ஆயுளா, அந்தப் பொருளின் ஆயுளா, அந்த மாடல் தயாரிப்பில் இருக்கும் காலமா, கம்பெனியின் ஆயுளா? நான்குமே இருக்கின்றன. அமெரிக்காவின் கூட்டாட்சி வணிக ஆணையம் வாரண்டி விளம்பரங்களுக்கு வகுத்திருக்கும் வழிகாட்டுதலே, "லைஃப்டைம்" என்று விளம்பரம் செய்பவர் எந்த ஆயுளைச் சொல்கிறார் என்பதைத் தெளிவாக்க வேண்டும் என்கிறது. தெளிவாக்கித்தான் இருப்பார்கள், ஆனால் அது பெட்டியின் முன்பக்கத்தில் இருக்காது, உள்ளே மடித்து வைத்த தாளில் இருக்கும்.

எனக்கு இது பட்டுத் தெரிந்தது. இந்த நாட்டுக்கு வந்த புதிதில் வாங்கிய ஒரு ஸ்கோப்பில் உருப்பெருக்க வளையம் இறுகிவிட்டது. இரண்டு கையாலும் முறுக்கினாலும் அசையவில்லை. வாரண்டி கேட்டால், முதல் உரிமையாளர்தானா, ரசீது எங்கே, பதிவு அட்டையை அனுப்பினீர்களா என்று வரிசையாகக் கேட்டார்கள். ரசீது வெப்பத்தாளில் அச்சிட்டது. எடுத்துப் பார்த்தால் எழுத்தெல்லாம் வெளிறி வெறும் தாளாக இருந்தது. அட்டை அனுப்பவில்லை. கடைசியில் அந்த மாடலை நிறுத்திவிட்டோம், பாகம் இல்லை என்றார்கள். அவர்கள் ஏமாற்றியதாகச் சொல்ல மாட்டேன். எல்லாம் தாளில் இருந்தது. நான் படிக்கவில்லை.

ஆகவே வாங்கும் முன் அந்தத் தாளைக் கேட்டு வாங்கிப் படியுங்கள். கேட்பது உங்கள் உரிமை. 1975ஆம் ஆண்டின் மேக்னுசன்–மாஸ் வாரண்டிச் சட்டப்படி, எழுத்தில் தரும் வாரண்டி "முழு" வாரண்டியா, "வரையறுத்த" வாரண்டியா என்று தலைப்பிலேயே சொல்லியாக வேண்டும். ஆங்கிலத்தில் "ஃபுல்", "லிமிடெட்" என்று இருக்கும். அந்த ஒரு சொல்லில் பெரிய வேறுபாடு இருக்கிறது. முழு வாரண்டி என்றால், அந்தக் காலத்துக்குள் பொருள் யார் கையில் இருந்தாலும் செல்லும். செலவில்லாமல் சரிசெய்து தர வேண்டும். நியாயமான அளவு முயன்றும் சரியாகவில்லை என்றால் மாற்றுப் பொருளோ பணமோ தர வேண்டும். பதிவு அட்டை அனுப்பவில்லை என்பதைக் காரணம் காட்டித் தட்டிக்கழிக்க முடியாது. வரையறுத்த வாரண்டியில் இவற்றில் ஏதாவது ஒன்றாவது குறையும். எது குறைகிறது என்பதைத் தேடிப் படிப்பதுதான் நம் வேலை.

இன்று அமெரிக்கச் சந்தையில் வாரண்டிக்குப் பெயர் பெற்ற கம்பெனிகள் பல இருக்கின்றன. லூப்போல்ட் தன் தங்க வளைய ஸ்கோப்புகளுக்கு முதல் உரிமையாளரா, ரசீது உண்டா என்று பார்ப்பதில்லை. விஸ்கான்சினின் வோர்டெக்ஸ் கம்பெனியும் அப்படியே. கை மாறினாலும் வாரண்டி கூடவே போகும், எப்படி உடைந்தது என்பதும் பெரிதல்ல என்கிறது. ஆனால் அங்கும் எல்லை உண்டு. தொலைந்தது, திருட்டுப் போனது, வேண்டுமென்றே உடைத்தது, பார்வைக்கு இடைஞ்சல் இல்லாத வெறும் கீறல் ஆகியவை சேராது. கொலராடோவின் பர்ரிஸ், "என்றைக்கும்" என்ற பொருளில் தன் வாரண்டிக்குப் பெயரே வைத்திருக்கிறது. ஒளிரும் குறியுள்ள ஸ்கோப்பாக இருந்தால் ஒன்றைக் கவனியுங்கள்: கண்ணாடிக்கும் குழாய்க்கும் ஆயுள் வாரண்டி கொடுத்துவிட்டு, மின்னணுப் பாகத்துக்கு மட்டும் சில ஆண்டுகள் என்று தனியாக எழுதியிருக்கும் கம்பெனிகள் உண்டு.

கம்பெனியின் ஆயுளையும் சொன்னேன் அல்லவா? டென்வர் நகரின் ரெட்ஃபீல்ட் ஒரு காலத்தில் ஒவ்வொரு மான் வேட்டைக்காரரும் விரும்பிய பெயர். 1998இல் ஆலை மூடியது. பத்து ஆண்டு கழித்து லூப்போல்ட் அந்தப் பெயரை வாங்கி அதில் புது ஸ்கோப்புகளை விற்றது. பெயர் திரும்பி வந்தது; பழைய டென்வர் ஸ்கோப் வைத்திருந்தவர்களோ தனியார் பழுதுபார்ப்பவர்களைத்தான் தேடிப் போக வேண்டியிருந்தது. டெக்சாஸின் எல் பாசோவில் வீவர் செய்த கே4 ஸ்கோப்புகளின் கதையும் ஏறக்குறைய இதுதான். அந்த ஆலை 1984இல் மூடப்பட்டது. பெயர் மட்டும் கை மாறிக் கை மாறி இன்னும் இருக்கிறது. ஆகவே பழைய ஸ்கோப் வாங்குபவர்கள் மேலே பொறித்திருக்கும் பெயரை மட்டும் நம்பாமல், அது எந்த ஆலையில் செய்தது என்பதையும் பார்க்க வேண்டும்.

பழைய பொருள் வாங்குவதில் இன்னொரு ஆபத்து போலி. லூப்போல்ட் போன்ற பெயர்களில் போலி ஸ்கோப்புகள் வருவதாக அந்தக் கம்பெனியே எச்சரித்திருக்கிறது. போலிக்கு வாரண்டி கிடையாது. பணம் கொடுக்கும் முன்பே விற்பவரிடம் வரிசை எண்ணின் படத்தை வாங்கி, கம்பெனியைக் கூப்பிட்டு, இந்த எண் உங்களுடையதுதானா என்று கேட்டுவிடுங்கள். ஐந்து நிமிட வேலை. எண்ணைக் காட்டத் தயங்குபவரிடம் வாங்காதீர்கள்.

குற்றம் ஸ்கோப்பில்தானா?

குண்டு சிதறுகிறது, ஜீரோ (குறிவைத்த இடத்திலேயே குண்டு விழும் அமைப்பு) நிற்கவில்லை என்றதும் முதல் பழி ஸ்கோப்பின் மேல்தான் விழும். பெரும்பாலும் அது ஸ்கோப்பின் குற்றம் அல்ல. ஓர் அக்டோபரில் என் ரைஃபிள் நூறு கஜத்தில் ஆறு அங்குலத்துக்குச் சிதறியது. ஸ்கோப்பைக் கழற்றி அனுப்பினேன். சோதித்துப் பார்த்தோம், குறையில்லை என்ற சீட்டோடு அது திரும்பி வந்தது. அதை மாட்டும்போதுதான் அடியில் இருக்கும் பேஸின் முன் திருகைத் தொட்டுப் பார்த்தேன். விரலாலேயே சுழன்றது. ஸ்கோப்பைக் கழற்றிய அன்றே அதைத் தொட்டுப் பார்த்திருந்தால் மூன்று வாரம் மிஞ்சியிருக்கும்.

அதிலிருந்து நான் ஓர் ஒழுங்கு வைத்திருக்கிறேன். முதலில் பேஸ் திருகுகள், பிறகு ரிங் திருகுகள். இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ஸ்க்ரூடிரைவர் கட்டாயம் வேண்டும். ரிங் தயாரிப்பாளர் எவ்வளவு சொல்லியிருக்கிறாரோ அவ்வளவுதான். பொதுவாக ரிங்கின் மேல் திருகுகளுக்கு 15 முதல் 18 அங்குல-பவுண்டு. கை பலத்தில் இறுக்கினால் குழாய் நசுங்கும், உள்ளே நகர வேண்டிய பாகம் நகராது. நசுங்கிய குழாயை வாரண்டி மேஜையில் இருப்பவர் பார்த்த மாத்திரத்தில் கண்டுபிடித்துவிடுவார். திருகை இறுக்கியதும், தலையிலிருந்து ரிங் வரை நெயில் பாலிஷால் மெல்லிய கோடு ஒன்று இழுங்கள். திருகு நகர்ந்தால் கோடு உடைந்து காட்டிக்கொடுக்கும். வீட்டில் சிவப்பு இருந்தால் நல்லது. கறுப்பு உலோகத்தில் பளிச்சென்று தெரியும்.

திருகுகள் சரி, தோட்டாவும் அதே பெட்டிதான், ஆனாலும் சிதறுகிறது என்றால், நன்றாக வேலை செய்யும் வேறொரு ஸ்கோப்பை மாட்டிச் சுட்டுப் பாருங்கள். சிதறல் நின்றால் குற்றம் முதல் ஸ்கோப்பில். நிற்கவில்லை என்றால் ரைஃபிளைப் பார்க்க வேண்டும். இது ஒன்றே பாதி பார்சல்களைத் தவிர்த்துவிடும் என்பது என் நம்பிக்கை.

கிளிக் சரியாக நகர்கிறதா என்று சோதிப்பது இன்னும் நல்லது. உயரமான தாளில் தூக்குக்குண்டு வைத்து நேர்க்கோடு ஒன்று போடுங்கள். நூறு கஜத்தில் நிறுத்தி, கோட்டின் அடியில் குறிவைத்து மூன்று குண்டு. பிறகு உயரத்தைத் திருத்தும் மேல் குமிழான டரட்டை நாற்பது கிளிக் ஏற்றி, அதே இடத்தில் குறிவைத்து மூன்று குண்டு. கால் எம்.ஓ.ஏ. (கோண அளவு) கிளிக் என்றால் நாற்பது கிளிக் பத்து எம்.ஓ.ஏ.; நூறு கஜத்தில் அது 10.47 அங்குலம். இரண்டு கூட்டங்களுக்கும் இடையே அளவுநாடாவை வையுங்கள். எட்டரையோ ஒன்பதோ காட்டினாலும், கோட்டைவிட்டு ஒரு பக்கம் சாய்ந்து ஏறியிருந்தாலும், டரட்டைப் பழைய இடத்துக்குக் கொண்டுவந்த பிறகு குண்டு பழைய இடத்துக்கு வராவிட்டாலும் அது பழுதுதான். அந்தத் தாளை எறியாதீர்கள். அதுதான் உங்கள் சாட்சி.

போனில் பேசுவதும் பெட்டி கட்டுவதும்

வாடிக்கையாளர் சேவையில் இருப்பவர்களில் பலர் வேட்டைக்காரர்கள். அவர்களுக்கு வேண்டியது கோபம் அல்ல, விவரம். பனி பிடித்த ஸ்கோப்புக்காக நான் பேசியபோது மறுமுனையில் ஒரு பெண்மணி. என் குறையை முழுக்கக் கேட்டுவிட்டு, "உள்ளேதான் பனி என்று எப்படி உறுதி செய்தீர்கள், சார்?" என்றார். துடைத்தும் போகவில்லை என்றேன். "வீட்டுச் சூட்டுக்கு வந்ததும் மறைந்ததா?" மறைந்தது என்றேன். "மறைந்த பிறகு கண்ணாடியில் வட்டமாகக் கறை ஏதாவது?" விளக்கில் சாய்த்துப் பார்த்தேன். நடுவில் மெல்லிய வளையம் ஒன்று இருந்தது. "அப்படியானால் பலமுறை பனி பிடித்துக் காய்ந்திருக்கிறது. அனுப்பிவிடுங்கள்" என்றார். மூன்றே கேள்வி. அவர் கேட்ட பிறகுதான் எனக்கும் விளங்கியது, முந்தைய சீசனிலேயே அது கசியத் தொடங்கியிருக்கிறது. நான் எடுத்துப் பார்க்காமல் அலமாரியில் வைத்திருந்தேன்.

பெட்டிக்குள் வைக்கும் கடிதம் அரைப் பக்கத்துக்கு மேல் போகக் கூடாது. தமிழில் சொன்னால் இப்படி இருக்கும்: "மாடல் இது, வரிசை எண் இது. .308 ரைஃபிளில் மாட்டியிருந்தேன். பேஸ், ரிங் திருகுகளைச் சரிபார்த்தேன். வேறு ஸ்கோப் மாட்டிச் சுட்டபோது குண்டு ஒரே இடத்தில் கூடியது. இந்த ஸ்கோப்பில் நாற்பது கிளிக்குக்கு எட்டரை அங்குலம்தான் நகர்கிறது. தாளின் படம் உடன் உள்ளது. சரிசெய்ய முடியாவிட்டால் மாற்றுப் பொருள் அனுப்பும் முன் என்னைக் கூப்பிடுங்கள்." கீழே பெயர், முகவரி, போன் எண். "ஸ்கோப் வேலை செய்யவில்லை" என்று ஒரு வரி மட்டும் எழுதி அனுப்பினால் அவர்கள் எதைத் தேடுவார்கள்?

ஸ்கோப் சட்டப்படி துப்பாக்கி அல்ல. அமெரிக்காவுக்குள் சாதாரணத் தபாலிலும் கூரியரிலும் அனுப்பலாம். ரைஃபிளோடு சேர்த்து அனுப்பாதீர்கள். ரிங், மூடி, பாட்டரி எல்லாவற்றையும் கழற்றி வீட்டிலேயே வையுங்கள். அவை திரும்பி வராமல் போவது சகஜம். வரிசை எண் தெரியும்படி படம் எடுத்துக்கொள்ளுங்கள். கம்பெனி கொடுக்கும் திருப்பி அனுப்பும் எண்ணைப் பெட்டியின் வெளியே பெரிதாக எழுதுங்கள். பொருளின் மதிப்புக்கு இன்சூரன்ஸ் செய்யுங்கள். வழியில் தொலைந்தால் எந்த வாரண்டியும் உதவாது. நாட்டுக்கு வெளியே அனுப்புவது வேறு விஷயம்: துப்பாக்கி ஸ்கோப் அமெரிக்க வணிகத் துறையின் ஏற்றுமதிக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் இருக்கும் பொருள். ஊருக்குப் போகும் பெட்டியில் துணியோடு துணியாகச் சுருட்டி வைத்துவிடாதீர்கள்.

திரும்பி வருவது எது

மாற்று அனுப்பும் முன் கூப்பிடச் சொல்லுங்கள் என்றேனே, அதற்குக் காரணம் உண்டு. நிறுத்தப்பட்ட மாடலுக்குப் பதிலாக அதற்கு நெருங்கிய புது மாடலை அனுப்புவது இந்தத் தொழிலின் வழக்கம். பெரும்பாலும் அது விலை கூடிய பொருளாகக்கூட இருக்கும். ஆனால் ஓர் அங்குலக் குழாய் போய் முப்பது மில்லிமீட்டர் குழாய் வந்தால் பழைய ரிங் பொருந்தாது. முன்கண்ணாடி பெரிதானால் உயரமான ரிங் வேண்டும், கன்னம் வைக்கும் இடமே மாறும். குறுக்குக்கோட்டின் வடிவம் மாறினால் பழகிய கண் தடுமாறும். இதற்கெல்லாம் பணமும் நாளும் நம்முடையது.

சில ஸ்கோப்புக்கு மாற்றே கிடையாது. என் பக்கத்து வீட்டுப் பெரியவர் ஒருவர் தன் தகப்பனாரின் கே4-ஐ வைத்திருக்கிறார். ரிங்குக்குப் பக்கத்தில் கறுப்புப் பூச்சு தேய்ந்து உலோகம் வெளுத்திருக்கும். அது அவருடைய அப்பாவின் கட்டைவிரல் பட்டுத் தேய்ந்த இடம். அப்படி ஒரு பொருள் உங்களிடம் இருந்தால், "சரிசெய்ய முடியாவிட்டால் இதையே எனக்குத் திருப்பி அனுப்புங்கள்" என்று கடிதத்தின் முதல் வரியிலேயே எழுதுங்கள். இல்லையென்றால் நல்ல எண்ணத்தோடு புதியதை அனுப்பிவிடுவார்கள். பழையது அவர்களிடமே போய்விடும்.

வந்ததும் நேரே காட்டுக்குக் கொண்டு போகாதீர்கள். மாட்டி, இறுக்கி, கோடு இழுத்து, சுடுதளத்தில் இருபது குண்டாவது சுட்டு, கிளிக் சோதனையை இன்னொரு முறை செய்யுங்கள். குறை மீண்டும் வந்தால் அன்றே கூப்பிடுங்கள். இரண்டாம் முறை கூப்பிடத் தயங்க வேண்டியதில்லை. முதல் பார்சலின் எண்ணைச் சொன்னால் போதும்.

நேரத்தைப் பற்றிச் சொல்லி முடிக்கிறேன். ஆகஸ்டில் எல்லோரும் ரைஃபிளை வெளியே எடுக்கிறார்கள். ஆகஸ்டிலிருந்து நவம்பர் வரை பழுதுபார்க்கும் மேஜைகளில் பெட்டிகள் குவிந்து கிடக்கும். நம் சீசன் டிசம்பரில் முடிகிறது. ரைஃபிளைத் துடைத்து உள்ளே வைக்கும் முன், குளிரிலிருந்து வீட்டுக்குள் கொண்டுவந்து, விளக்குக்கு நேரே சாய்த்து, ஸ்கோப்பின் இரண்டு பக்கக் கண்ணாடியையும் பாருங்கள். ஒரு வளையம், ஒரு புள்ளி, லேசான மூட்டம் தெரிந்தாலும் ஜனவரி முதல் வாரத்தில் அனுப்பிவிடுங்கள்.